நீச்சல் தெரியும் என்று எழுதினேன்

3-2-2025, திங்கள். சிதம்பரம், ஹாஸ்டல்

விலங்கியல் வகுப்பின் அந்தமான் டூருக்குப் படிவம் கொடுத்தார்கள். அதில் ‘நீச்சல் தெரியுமா?’ என்று ஒரு கேள்வி. நான் பேனாவோடு முழிப்பதைப் பார்த்துக் கூடப் படிக்கிற இசைவாணி கத்தினாள்: “தேவனாம்பட்டினத்துப் பொண்ணு இதுக்குப் போயி யோசிக்குது பாருங்கடி!” ஸ்ரீதர் சாரும் சேர்ந்துகொண்டார்: “மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுக்கணுமா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘தெரியும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தெரியாது. கணுக்காலுக்கு மேல் கடல் என்னைத் தொட்டதில்லை. எங்கள் மீனவர் குப்பத்தில் பொம்பளைகள் படகு ஏறுவதில்லை. அதிலும் எங்கள் வீட்டில்... வேண்டாம்.

9-2, ஞாயிறு. வீடு

நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் சுனாமியில் அண்ணன் போனான். நாலு வயசு. உடம்பு கிடைக்கவே இல்லை. அம்மா முதுநகர்ச் சந்தையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறாள், ஆனால் கடற்கரைப் பக்கம் திரும்பமாட்டாள்.

“கப்பல்ல போ, வேணாங்கல. தண்ணியில எறங்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். ஒரே வாரத்தில் இரண்டு பொய். நல்ல முன்னேற்றம்!

19-2, புதன். கப்பல்

எங்கள் கூட்டத்தில் வாந்தி எடுத்த ஒரே ஆள் நான். மீன் குஞ்சாம்.

22-2, சனி. நீல் தீவு

நீச்சல் தெரியாதவர்களுக்கு ரப்பர் வளையமும் கைடும். தெரிந்தவர்கள் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பவளப்பாறை வகைகளைக் குறிக்க வேண்டும். எனக்கு ஜோடி இசைவாணி. கீரப்பாளையத்து வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டேன். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

“எனக்கு நீச்சல் தெரியாது சார்.”

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “உள்ள போயிருந்தா? உங்கம்மாவுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது? கரையில உக்காரு.”

“நாமதான சார் கிண்டல் பண்ணி எழுத வச்சோம்?” என்றாள் இசைவாணி. “நான் புடிச்சிக்கிறேன், விடுங்க சார்.”

சார் கைடைக் கூப்பிட்டார். அம்மாவுக்குச் செய்த சத்தியம் ஞாபகம் வந்ததா? வந்தது. வந்தும் போனேன்.

நீச்சல் கண்ணாடி மாட்டி, வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

ஐயோ! பண்ருட்டிப் பலாப்பழத்தைப் பாதியாக வெட்டிக் குப்புறக் கவிழ்த்த மாதிரி ஒரு பாறை, அதுவும் உயிர்! கொம்பு கொம்பாக, விசிறி விசிறியாக இன்னும் எத்தனையோ. கிளிமீன் பாறையைக் கடிக்கிற சத்தம்கூடக் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து மீன் பார்க்கிறேன். எல்லாம் அம்மாவின் கூடையில் கண் வெளுத்துக் கிடந்தவை. உயிரோடு ஒரு மீன் என்னைத் திரும்பிப் பார்த்தது இன்றுதான். பயம் எப்போது போனது என்றே தெரியவில்லை.

23-2, ஞாயிறு

இன்றும் போனேன். இவ்வளவையும் யாருக்காகச் செய்து உள்ளே வைத்திருக்கிறது?

2-3, ஞாயிறு. வீடு

அம்மாவிடம் இரண்டு பொய்யையும் சொன்னேன். துடைப்பக்கட்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“சத்தியம் பண்ணிட்டுத்தான போன பாவி...” அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்புறம் சன்னமாகக் கேட்டாள்:

“உள்ள இருட்டா இருக்குமாடி?”

எதற்குக் கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இருபது வருஷமாக அண்ணனை இருட்டில் வைத்தே அழுதிருக்கிறாள்.

“இல்லம்மா. வெயிலு அடிமணல் வரைக்கும் எறங்குது. எல்லாம் பளிச்சுனு தெரியுது.”

“நெசமாவா?”

“நெசமாத்தாம்மா.”

எங்கள் கரையில் தண்ணீர் கலங்கல், ஒரு முழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றாள். முதலிலிருந்து சொன்னேன்.