கொரினுக்கு ஒரு சின்ன ரிவால்வர்

ஒடெஸா, டெக்சஸ்
11 பிப்ரவரி 1996

அன்புள்ள மாமாவுக்கு,

கொரின் எழுதுகிறேன். நானும் மேட்டியும் சௌக்கியம். வேட் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் ஐந்து நாளாகிறது. வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உங்கள் மகன் உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார்.

போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, இருவரும் கத்திக்கொண்டிருப்போம். அதனால்தான் கடிதம்.

ஒரு உதவி வேண்டும். ஜனவரியிலிருந்து நம் மாநிலத்தில் துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துப்போக உரிமம் தருகிறார்கள் அல்லவா? முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் இமெல்டா அதற்கான வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நானும் சேரலாம் என்றிருக்கிறேன். விடியுமுன்பே வேலைக்கு வருகிறேன், கார் நிறுத்தும் இடத்தில் ஒரே ஒரு விளக்குதான். நாற்பது வருடம் துப்பாக்கி பழுது பார்த்தவர் மாமனாராக இருக்கும்போது எவனோ ஒரு கடைக்காரனிடம் போய் நிற்பானேன்? சின்னதாக, வெளியே தெரியாததாக ஒரு ரிவால்வர் நீங்களே பார்த்துத் தாருங்கள்.

பதிலை முதியோர் இல்லத்து விலாசத்துக்கே போடுங்கள். வீட்டுத் தபால் பெட்டியை யாரோ வண்டியால் இடித்துச் சாய்த்துவிட்டார்கள். வேடிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். கிண்டல் செய்வார்.

உங்கள் ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று உங்கள் பேத்தி மேட்டி கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
கொரின்


ஜங்ஷன், டெக்சஸ்
17 பிப்ரவரி 1996

அன்பு கொரினுக்கு,

ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அப்புறம் விற்க மனசு வராது. இதை மேட்டியிடம் சொல்லிவிடாதே.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் யாரும் வரவில்லை. உனக்கு ஃப்ளூ என்று வேட் சொன்னான். புகையில் வாட்டிய மாட்டிறைச்சியை நானும் பக்கத்து வீட்டு ஹோமரும் மூன்று நாள் தின்றோம். கோபமில்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் மட்டும் நாலு புருஷன்மார்கள் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். நாலு பேரும் இருப்பதிலேயே எடை குறைந்ததைத்தான் எடுத்தார்கள். ஒருவன், “இவளுக்கு இது போதுங்க, கைக்கு அடக்கமா இருக்கு” என்றான். அவன் மனைவி, “நான் இங்கதானே நிக்கிறேன்? கை என்னோடது. என்னைக் கேளேன்யா” என்றாள். அவளுக்கு நான் பத்து சதவீதம் தள்ளிக் கொடுத்தேன்.

எடை குறைந்தால் வலிக்காது என்று நினைக்கிறார்கள். அது நேர்மாறு. இறகு மாதிரி இருப்பதுதான் சுடும்போது கையை உதறி எறியும். ஒரு தடவை சுட்டவள் அதை அலமாரியில் போட்டுப் பூட்டிவிடுவாள். கூட இல்லாத துப்பாக்கி வெறும் இரும்பு.

ஆகவே கேட்கிறேன். உன் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு. வேலைக்கு என்ன உடை? எங்கே வைத்துக்கொள்வாய், பையிலா, இடுப்பிலா? விரலிலோ மணிக்கட்டிலோ ஏதாவது கோளாறு உண்டா? வெட்கப்படாமல் எழுது.

உன் மாமா,
லீலண்ட்


ஒடெஸா
26 பிப்ரவரி 1996

அன்புள்ள மாமாவுக்கு,

கை படம் உள்ளே இருக்கிறது. பூப்போட்ட கட்டைவிரல் மேட்டியுடையது, தானும் அனுப்புவேன் என்று அடம்.

நான் இடது கையை வரைந்திருக்கிறேன். வலது மணிக்கட்டு சரியாக மடங்குவதில்லை. டிசம்பரில் வாசல் படியில் பனி உறைந்திருந்தது, வழுக்கி விழுந்துவிட்டேன். இடது கையால் சுடப் பழகலாம் அல்லவா?

வேலைக்கு நாடா கட்டிய பருத்திக் கால்சட்டையும் தொளதொள மேல்சட்டையும். பெல்ட் கிடையாது. பையில் வைக்க முடியாது, மாமா. லைட்டரைத் தேடிக்கொண்டு வேட் என் பையை மேசையில் கவிழ்ப்பார். உடம்போடு இருக்க வேண்டும். வீட்டிலும் இருக்க வேண்டும், சமைக்கும்போதும். மேட்டி கைக்கு எந்தக் காரணத்தாலும் கிடைக்கக் கூடாது.

இன்னொன்று. ஆள் ரொம்பக் கிட்டே இருந்தால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தால், எடுக்க நேரம் இருக்குமா?

கிறிஸ்துமஸுக்கு வராததற்கு மன்னியுங்கள். ஃப்ளூதான்.

கொரின்


ஜங்ஷன்
4 மார்ச் 1996

அன்பு கொரினுக்கு,

மேட்டியின் கட்டைவிரலைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

உனக்கு ஐந்து தோட்டா கொள்ளும் முப்பத்தெட்டு காலிபர் ரிவால்வர். குழல் இரண்டு அங்குலம். முழுக்க எஃகு, எடை குறைத்தது வேண்டாம். தோட்டாவை அடிக்கும் சுத்தி பின்னால் வெளியே நீட்டாத ரகமாகப் பார்க்கிறேன். நீட்டிக்கொண்டிருந்தால் அவசரத்தில் சட்டைத் துணியில் மாட்டும். கையை அதிகம் உதைக்காத மென்மையான தோட்டாவே போதும். பெல்ட் இல்லாதவர்களுக்கு வயிற்றோடு சுற்றிக் கட்டும் துணிப்பட்டை உறை இருக்கிறது, அதிலேயே வைத்துக்கொள்ளலாம். கழற்றி வைக்கும் நேரத்தில் மேட்டிக்காக எண் பூட்டுப் போட்ட சின்ன இரும்புப் பெட்டி ஒன்றும் தருகிறேன். கிட்டே நிற்கும் ஆளைப் பொறுத்தவரை, நேரம் ரொம்பக் குறைவுதான். ஆனால் அந்தத் தூரத்துக்கு ரிவால்வரை விட நல்லது எனக்குத் தெரியாது.

தொழில் பேச்சு முடிந்தது.

டிசம்பரில் மான் வேட்டைக்குப் போகும் வழியில் ஒடெஸாக்காரர்கள் இரண்டு பேர் என் பட்டறைக்கு வந்தார்கள். இருவரும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார்கள். “எங்க ஊர்ல இந்த வருஷம் பனியே இல்ல பெரியவரே, டிசம்பர்ல வேர்க்குது” என்று சிரித்தார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பிடிக்கவில்லையென்றால் பதில் சொல்ல வேண்டாம், ரிவால்வர் எப்படியும் வரும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிற அந்த ஆள், எனக்குத் தெரிந்தவனா?

மாமா


ஒடெஸா
15 மார்ச் 1996

மாமாவுக்கு,

தெரிந்தவர்தான்.

உங்கள் கடிதத்தை இல்லத்தின் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து நாலு முறை படித்தேன். உங்களிடம் பொய் சொல்லியே வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் அவரைப் பெற்றவர். எந்த முகத்தோடு கேட்பேன்?

மணிக்கட்டு டிசம்பரில் உடைந்தது. சமையலறைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவே வைத்து அழுத்தினார். மேட்டி உள்ளே டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள். ஆறு வயதுக் குழந்தைக்கு எப்போது சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, மாமா. அன்றைக்குத்தான் போய்விடுவது என்று முடிவு செய்தேன். போனால் என்ன செய்வேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். குடிக்காமல் இருக்கும்போதுதான் சொன்னார்.

போலீஸுக்குப் போனேன். புகார் பதிந்ததாக ஒரு காகிதம் தந்தார்கள். காகிதத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் தர வேண்டாம் என்று நினைத்தால் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வரி எழுதிவிடுங்கள், வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

கொரின்


ஜங்ஷன்
29 மார்ச் 1996

அன்பு கொரினுக்கு,

இரண்டு வாரம் உன்னைக் காக்கவைத்துவிட்டேன். இந்த இரண்டு வாரமும் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மேசையில் இரண்டு ரிவால்வர்களை எடுத்து வைத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் விசை வெண்ணெய் மாதிரி வரும். இன்னொன்று கல். உள்ளே கம்பிச்சுருள் அப்படி, நானே இரண்டு விரலால் இழுக்க வேண்டும். உன் இடது கைக்கு அது அசையாது. அதை அனுப்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நீயும் உன் கையில்தான் பலமில்லை என்று நினைத்திருப்பாய்.

ஒரு நாள் முழுவதும் அதைத்தான் அனுப்புவதாக இருந்தேன். காகிதத்தில் சுற்றிக்கூட விட்டேன்.

வேட் பிறந்தபோது எடை குறைவு. உன் மாமியார் ஓபலும் நானும் மாறி மாறி நெஞ்சோடு வைத்துத் தூங்கினோம். அதுவும் உண்மை. அவன் பத்தொன்பது வயதில் அவளைப் பிடித்துத் தள்ளியதும், அவள் மாடிப்படியில் விழுந்து இடுப்பு ஒடிந்ததும் உண்மை. டாக்டர் கேட்டபோது, “இவளுக்கு அடிக்கடி தலைசுத்தும்” என்று சொன்னவன் நான்தான். ஓபல் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளும் அதையே சொன்னாள்.

சுற்றிய காகிதத்தைப் பிரித்துவிட்டேன். இழுக்க வருவதுதான் உனக்கு.

அவன் வேலைக்குப் போயிருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து வா. மேட்டியை ஹோமரின் மனைவி பார்த்துக்கொள்வாள்.

மாமா


ஒடெஸா
5 மே 1996

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களைப் பார்த்துவிட்டு வந்து மூன்று வாரமாகிறது, பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தோம். மேட்டி வழியெல்லாம் ஆட்டுக்குட்டியைப் பற்றியே பேசினாள். “பில்லி” என்று பெயர் வைத்துவிட்டாளாம். இனி நீங்கள் விற்றமாதிரிதான்.

என் கை அளவுக்கு நீங்கள் செதுக்கிவைத்த மரப்பிடி வேண்டாம் என்று நான் சொன்னதும் உங்கள் முகம் தொங்கிப்போயிற்று. “ரெண்டு ராத்திரி வேலைம்மா அது!” என்றீர்கள். ஆனால் மேல்சட்டைக்கு வெளியே புடைத்துத் தெரிந்ததே, மாமா. நான் எடுத்துக்கொண்ட ரிவால்வர் பூச்சு உரிந்த, அவலட்சணமான ஒன்றுதான். அது உடம்போடு படிந்துவிடுகிறது. காலையில் போட்டுக்கொண்டால் மத்தியானம் மறந்துபோகிறது. இமெல்டா என்னைக் கட்டிப்பிடித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குச் சுட்டுப் பழகியபோது, முதல் தோட்டாவுக்கு நான், “மாமா, வலிக்குது” என்றேன். உங்களுக்குக் கேட்கவில்லை. “என்ன, புளிக்குதா?” என்றீர்கள். சிரித்துக்கொண்டே இரண்டாவதைச் சுட்டேன், அதுதான் குறி அட்டையில் பட்டது. கணவரின் அப்பாவோடு ஆற்றங்கரையில் நின்று அப்படிச் சிரிப்பேன் என்று நினைக்கவில்லை.

கிளம்பும்போது காருக்குள் குனிந்து, “கதவு தொறந்திருந்தா ஓடு. கதவே இல்லாத இடத்துக்குத்தான் இது” என்றீர்கள். தினமும் அதை எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

வகுப்பு முடித்துத் தேர்விலும் சுட்டுவிட்டேன். உரிமம் தபாலில் வர வேண்டும். வந்ததும் கிளம்புவோம். எங்கே என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கொரின்


ஜங்ஷன்
10 மே 1996

கொரின்,

எழுதாதே.

அவன் முதலில் இங்கேதான் வருவான். என் முகத்தில் பொய் நிற்காது, சின்ன வயதிலிருந்தே அவன் என்னைப் படித்துவிடுவான். எனக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும். ஊர் பெயர் வேண்டாம், மாநிலமும் வேண்டாம். போன் செய்யாதே. மேட்டி படம் வரைந்து அனுப்புகிறேன் என்பாள், விடாதே.

உரிமம் கையில் வந்த பிறகே கிளம்பு. போகிற இடத்தில் சட்டம் வேறாக இருக்கலாம், முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்.

மாமா


ஜங்ஷன்
2 ஜூலை 1996

அன்பு கொரினுக்கு,

இதை இமெல்டாவுக்கு அனுப்புகிறேன். உன் கைக்கு வருமா, எப்போது வரும் என்று அவளிடம் கேட்கவில்லை. நீ போய்விட்டாய் என்று ஒரு வரி எழுதியிருந்தாள், அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேட் வந்தான். வண்டிக் கதவைக்கூடச் சாத்தவில்லை. செவிடனோடு ரகசியம் பேச முடியுமா? தெருவுக்கே கேட்டிருக்கும்.

“அப்பா, அவ எங்க?”

“தெரியாதுடா.”

“பொய்! உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும்.”

“அப்பப் பாரு.”

கிட்டே வந்து பார்த்தான். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றேன். அவன் குரல் இறங்கிப்போயிற்று. “நெஜமாவே தெரியாதா?”

“அவ சொல்லத்தான் வந்தா. வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

“துப்பாக்கி வாங்கியிருக்காளாமே.”

“வாங்கல. நான் குடுத்தேன்.”

“என்னைச் சுடறதுக்கா?”

“நீ அவ கிட்டப் போகாம இருக்கறதுக்கு.”

“நான் உங்க பிள்ளைப்பா!”

“அதனாலதான்டா இத்தனை வருஷமா வாயைத் தொறக்கல. உங்கம்மா படியில விழுந்த அன்னிக்கே தொறந்திருக்கணும்.”

பட்டறை இழுப்பறைகளையெல்லாம் கவிழ்த்தான். திருகாணியும் கம்பிச்சுருளும் தரையெங்கும். அதன்பிறகு அவற்றின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பசி என்று தெரிந்தது. நாலு முட்டை பொரித்துக் கொடுத்தேன். தட்டைத் துடைத்துத் தின்றான். அழுதானா என்று கேட்டால், அழுதான். நானும்தான். ஆனால் தட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி, “எப்படியும் கண்டுபிடிச்சிருவேன்” என்றான். கத்தாமல் சொன்னான், உதட்டைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

அவன் போனதும் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனேன். வண்டியின் நிறம், எண், எந்தப் பக்கம் திரும்பினான், என்ன சொன்னான், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். வண்டி எண்ணை அங்கிருந்த பெண் தவறாக எழுதினாள். நான் திருத்தினேன்.

இந்த வெயிலில் வேர்வை இறங்கும், ரிவால்வரை வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போடு. தோட்டாக்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்று. மாதம் ஒரு நாளாவது சுட்டுப் பழகு, கை மறந்துவிடக் கூடாது. உன் முன்னால் வந்து நிற்பது யாராக இருந்தாலும், கதவு இல்லையென்றால், என்னை நினைத்துக்கொண்டு நிற்காதே. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

பதில் போட வேண்டாம். எத்தனை வருடமானாலும் வேண்டாம். நான் செத்தால் ஹோமர் இமெல்டாவுக்குச் சொல்வான்.

நீ அவனை விட்டுப் போனபின் நான் உனக்கு என்ன முறை என்று தெரியவில்லை. இதை எழுதத் தொடங்கியதிலிருந்து யோசிக்கிறேன், கடைசியில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று. வேறு எதுவும் தோன்றவில்லை.

மாமா