முட்டைமேல் போட்ட பழி

என் அன்பான றோசாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருடம். பூசை வைக்கச் சொல்லிச் சுவாமியாரிடம் கேட்டிருக்கிறேன். நம் மாதா கோயில் இன்னும் நீ கண்ட அதே தறப்பாள் கொட்டில்தான், ஒரு பக்கம் காற்றில் கிழிந்து தொங்குகிறது. பூசை முடிய நாலு பேர் நம் வீட்டுக்கு வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், உன்னைப் பற்றிக் கதைப்பார்கள். என்ன கதைப்பார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் கண்ணில் பட்டாலும் படட்டும், நல்லதுதான்.

"பாவம், தங்கமான பிள்ளை. அந்த முட்டையை மட்டும் சாப்பிட்டிருந்தால் தப்பியிருப்பா."

இதுதான் கதை. உன்னைப் பெட்டியில் வைத்திருந்தபோதே தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வாய் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்ததை ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. இப்போது அது ஊர்க்கதையாகிவிட்டது. மரக்கறி வாங்கப் போகிற இடத்திலும் சொல்கிறார்கள்.

நீ ஏன் முட்டையை வெறுத்தாய் என்று அவர்களுக்குத் தெரியுமா? நீ பெரியபிள்ளையானபோது உன் அம்மா விடிய விடியப் பச்சை முட்டையை உடைத்து, நல்லெண்ணெய் விட்டு, வெறும் வயிற்றில் குடிக்க வைத்தாவாம். குடித்து முடிக்கும் வரை எழும்ப விடமாட்டாவாம். அதுக்குப் பிறகு முட்டை உடைக்கிற வீட்டுக்குள்ளேயே உன்னால் நிற்க முடியாமல் போனது. அது தெரியாமல்தானே நான், கலியாணம் முடித்த புதிதில், பெரிய சீமானைப் போலக் கடற்கரையில் இருந்து ஆமை முட்டை கொண்டு வந்தேன். நீ வேலிக்கரைக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, முல்லைத்தீவில் என் படகு முதலாளி சம்மாட்டி வரை சிரித்தார்கள்.

சண்டையில் அந்தக் கரையும் போய், வலையும் போய், நாங்கள் இந்தக் காட்டோரத்துக்கு வந்து சேர்ந்தோம். கடலில் நின்ற நான் அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றேன். உனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது, விட்டது, திரும்ப வந்தது. உடம்பில் இரத்தம் காணாது, ஒவ்வொரு நாளும் ஒரு முட்டை கொடுங்கோ என்று ஆசுப்பத்திரியில் டொக்டர் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

திரேசக்கா பக்கத்துக் கொட்டிலில் இருந்து சேலைத் தலைப்புக்குள் முட்டையைப் பொத்திக்கொண்டு வருவா. என்னுடைய கூடப்பிறந்தவள், அவவுக்கு நாலு கோழிதான் சொத்து. சனம் சோற்றுக்கு அல்லாடுகிற காலத்தில் ஒரு முட்டையைத் தூக்கிக் கொடுப்பது சின்ன மனம் இல்லை, அதை நான் மறக்கவில்லை. நீயும் அவவின் முகத்துக்காக ஒருதரம் முயன்று பார்த்தாய். வாய்க்குள் போன வேகத்தில் வெளியே வந்தது. அதோடு முந்தின நாள் குடித்த கஞ்சியும் வந்தது.

"இஞ்சேருங்கோ, என்னைச் சாகச் சொன்னாலும் சாவன். இதைத் தின்னச் சொல்லாதேங்கோ" என்று பகிடியாகச் சொன்னாய். அக்காவும் சிரித்தா. அந்தப் பகிடியைத்தான் இப்போது சாட்சியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

முட்டை இல்லையென்றால் வேறு என்ன என்று நான் குசினிக்குள் போனேன். காய்ச்சல் விட்ட உடம்புக்குக் காலையில் பாரமான சாப்பாடு ஒத்துவராது. புட்டு உனக்கு நெஞ்சில் நின்றது. கிழங்கு அவித்தால் பாதியில் தள்ளிவிடுவாய். அரிசியோடு கொஞ்சம் பயறு வறுத்துப் போட்டு, முருங்கையிலை கிள்ளி, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சினேன். முதல் நாள் அடிப்பிடித்து மணந்தது. "கஞ்சியையும் கருக்கிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒராள்தான்" என்றாய். ஆனால் குடித்தாய். பிறகு எனக்குக் கை படிந்துவிட்டது. ஒருநாள் பயறு அவித்துத் தேங்காய்ப்பூ, ஒருநாள் கச்சான் கடலை அவித்தது, பப்பாப்பழம் கிடைத்தால் அது. அரிசிமா கைக்கு வந்த நாளில் நீயே எழும்பி இருந்து இடியப்பம் பிழிந்தாய், நான் சொதி வைத்தேன். மாட்டுக்காரர் தயிர் தந்தால் வெயில் ஏறும்வரை வைத்திருந்து, பனங்கட்டி கடித்துக்கொண்டு சாப்பிடுவாய்.

உன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கிணற்றடிக்குத் தனியே நடந்து போனாய். அதைக் கண்டவர்களும் இந்த ஊரில்தானே இருக்கிறார்கள்? ஏன் ஒருவரும் அதைச் சொல்வதில்லை?

பிறகு அந்தக் கடைசிக் காய்ச்சல் வந்து தலைக்குள் ஏறியது. உன்னை உழவு மெசினில் கிடத்திக் கொண்டு போனோம். ஏற்ற வேண்டிய ஊசிமருந்து ஆசுப்பத்திரியில் முடிந்துவிட்டது. வவுனியாவில் இருந்து வரவேண்டும், ஆமி பாதையைப் பூட்டி வைத்திருந்தது. "திறந்தால் லொறி வரும், பொறுங்கோ" என்றார் டொக்டர். நான் பொறுத்தேன். நீதான் பொறுக்கவில்லை. போத்தலில் கொண்டுபோன கஞ்சியைக் கடைசியில் வாசலில் நின்ற நாய்க்கு ஊற்றினேன்.

நீ முட்டை சாப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கியிருப்பாயோ? லொறி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பாயோ? டொக்டரிடமே போய்க் கேட்டேன். "முட்டை நல்லதுதான். ஆனால் ஊசிமருந்து செய்யிற வேலையை முட்டை செய்யாது, தம்பி" என்றார். அதுக்குப் பிறகும் சில நாள் எனக்குள் அந்தக் கேள்வி வரும். வந்தால் அன்றைக்கு வேலை ஓடாது.

இனி நம் மகள் மெற்றியின் கதையைச் சொல்கிறேன். எட்டு வயது முடியப் போகிறது. மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாள். முகம் உன்னுடையது, முட்டையைக் கண்டால் சுளிக்கிற மூக்கும் உன்னுடையது. நான் அவளை வற்புறுத்துவதில்லை. உனக்குச் செய்த கஞ்சியும் பயறும் அவளுக்கும் செய்கிறேன். ஆனால் கொஞ்ச நாளாகக் காலைச் சாப்பாட்டை அளைந்துவிட்டு, "மாமியிட்டப் போயிட்டு வாறன்" என்று ஓடினாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும்.

போன கிழமை பின்னால் போய்ப் பார்த்தேன். அக்காவின் கொட்டிலுக்குப் பின்னால், கையில் அரை அவியல் முட்டையோடு நின்றாள். சிலுவை அடையாளம் போட்டாள். மூக்கைப் பொத்தினாள். "அருள் நிறைந்த மரியே" என்று முணுமுணுத்து ஒரு வாய் விழுங்கினாள். குமட்டியது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிலுவை போட்டாள். றோசா, நான் உன்னைப் புதைத்த அன்றைக்கு அழுததைவிட அந்த இடத்தில் நின்று அதிகம் அழுதேன்.

"ஏன் பிள்ளை இதைத் தின்னுறாய்?"

"அம்மா முட்டை தின்னாமத்தான் செத்தவா எண்டு மாமி சொன்னவா. நானும் செத்துப்போனா நீங்கள் தனிய இருப்பியள்தானே, அப்பா?"

எனக்கு வந்த கோபத்தில் நேரே அக்காவிடம் போனேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவ அடுப்படியில் குந்தி இருந்து சேலையால் முகத்தை மூடிக்கொண்டா.

"நான் என்ன செய்யத் தம்பி? ஆரையாவது குறை சொல்லிப் பேச வேணும் போல கிடக்கு. பாதையைப் பூட்டினவனைப் பேச எனக்கு ஏலுமே? முட்டையைத்தான் பேசலாம்" என்றா.

நான் திரும்பி வந்துவிட்டேன். அவ உனக்காக அழுத அழுகையும் பொய் இல்லை.

மெற்றியை மடியில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், ஊசிமருந்து, வராத லொறி, பூட்டிய பாதை, ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"அம்மா முட்டை திண்டிருந்தா பாதையைத் திறந்திருப்பாங்களோ, அப்பா?"

"இல்லை, பிள்ளை."

"அப்ப ஏன் எல்லாரும் அம்மாவைப் பேசுகினம்?"

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் அந்தக் கதையை எடுத்தாலும், இந்தக் கேள்வியை எல்லாருக்கும் முன்னால் கேட்பேன். அக்கா இருந்தாலும் கேட்பேன், சுவாமியார் இருந்தாலும் கேட்பேன். இது உனக்குத் தருகிற சத்தியம். நம் பிள்ளை இனி ஒருநாளும் பயத்தில் எதையும் விழுங்கமாட்டாள், அதுவும் சத்தியம். விடிய எழும்பி அவளுக்குப் பிடித்ததைக் காய்ச்சிக் கொடுப்பேன்.

நேற்று அவளுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது, றோசா. பாதை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. கஞ்சிக்கு நான் பொறுப்பு. மருந்துக்குச் சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை, அதை நீதான் மாதாவிடம் கேள்.

உன் மனுசன்,
மெற்றியின் அப்பா