காலடியில் இரண்டு பாட்டில் தண்ணீர்

கூட்டாளி,

இன்று காலையும் வேலைக்குக் கிளம்பும் முன் காரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டிருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது, நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது, இருந்தும் தினமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு உன்னை நன்றாக நாலு வார்த்தை திட்டுகிறேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் மனைவி இன்னும் ரசம் வைப்பதில்லை என்று போன மாதம் வரை எழுதியிருப்பேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் காரில் இருந்து ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும்.

திங்கள், புதன், வெள்ளி. கிள்ளானில் நம் பிளாட்டுக்குக் கீழே, விடிந்தும் விடியாததுமாக, எனக்கு முன்பே நீ காரடியில் நின்றுகொண்டிருப்பாய். பிரிக்பீல்ட்ஸில் என் அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி உன் டயாலிசிஸ் நிலையம். உன்னை அங்கே இறக்கிவிட்டு நான் வேலைக்குப் போவேன். நான்கு மணி நேரம் கழித்து, பிழிந்துபோட்ட துணியாக நீ வெளியே வருவாய். அந்த நிலையில் உன்னை ரயிலில் நிற்கவைத்துக் கூட்டிவர முடியாது. அதனால்தான் அந்த இருபத்தாறு வயதுக் காரை நான் விற்கவில்லை.

கார் சூடாக ஆரம்பித்ததும் நீதான் டாக்டர். ஜெஞ்சாரோமில் செம்பனை லோரி ஓட்டியே ஆயுளைக் கழித்தவன் நீ. நானோ அச்சகத்தில் பேனா பிடித்த குமாஸ்தா. “கிராணிக்கு என்னா தெரியும்?” என்பாய். நமக்குள் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

“ரேடியேட்டர் லீக். தண்ணி குடிக்குது,” என்றாய் முதல் நாளே.

“கீழ ஒரு சொட்டுகூட இல்லையேடா?”

“சூட்டுல ஆவியாப் போயிரும் லா. கீழ எப்படி விழும்?”

அன்றிலிருந்து காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே தண்ணீர் ஊற்றுவது உன் வேலை ஆயிற்று. சாவியை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்வாய். நான் இறங்கி வருவதற்குள் ஊற்றி முடித்து, “இன்னிக்கி முக்கா பாட்டில் குடிச்சிருச்சு,” என்று கணக்கு சொல்வாய். வழிக்கு என்று இரண்டு பெரிய பாட்டில்களை நிரப்பி உன் காலடியில் வைத்துக்கொள்வாய். உனக்கு நிலையத்தில் அளந்து கொடுத்த கணக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். மாத்திரைக்குக் குடிப்பது, சாப்பாட்டில் சேர்வது எல்லாம் அதற்குள். மூன்று லிட்டர் தண்ணீரைக் காலடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும். “எனக்கு அளவு, உன் காடிக்கு அளவே இல்ல,” என்று காரைத் தட்டிச் சிரிப்பாய்.

வழியில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி ஜாமில் நின்றதும் சூடு காட்டும் ஊசி ஏறும். “ஹீட்டரத் தொற, எஞ்சின் சூடு உள்ள வந்துரும்,” என்பாய். ஏர்கோன் செத்துப் போன காரில், கண்ணாடியை இறக்கிவிட்டு, கோலாலம்பூர் வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போன இரண்டு கிழவர்கள் நாமாகத்தான் இருப்போம். பக்கத்துக் காரில் போகிறவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். உன் உதடு வெடித்திருக்கும். ஒருமுறை சொன்னாய்: “தாகம்னா என்னான்னு உனக்குத் தெரியாது கிராணி. நாக்கு வாயில செருப்பு மாரி கெடக்குது.” நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? வேலைக்கு நேரமாகிறது என்றேன். அந்த நாட்களில் எனக்கு எல்லாவற்றிலும் அலுப்பு. உன்மேலும் அலுப்பு இருந்தது. இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது?

ஊசி சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டுவோம். நான் பானெட்டைத் தூக்கிவிட்டு முன்னால் நின்று ஆறுவதற்குக் காத்திருப்பேன். நீ உள்ளேயே இருப்பாய். “பாட்டிலக் குடு” என்று நான் கேட்கும்போது, “இரு, மூடி இறுகிக் கெடக்கு,” என்று சத்தம் வரும். கைக்கு வரும்போது பாதிதான் இருக்கும். நான் ஊற்றினால் தொட்டி உடனே நிரம்பி வழியும். “சூட்டுல பொங்குது” என்பாய். நானும் நம்பினேன்.

நிலையத்தில் எடை பார்க்கும் தாதி ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பாள். “அங்கிள், நாலு கிலோ ஏறியிருக்கு. என்னா குடிச்சீங்க?”

“நான் எங்க மிஸ்ஸி குடிச்சேன்? இவன் காடிதான் குடிக்குது!”

மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

ஆனால் எடை ஏறிக்கொண்டே போனது. யாரையாவது குறை சொல்லியாக வேண்டுமே. ஒரு நாள் உன் வீட்டுக்கு வந்து உன் மனைவியிடம் கத்தினேன். “தங்கச்சி, ரசத்த ஊத்தி ஊத்தியே அவனக் கொல்லப் போறியா?” என்று கேட்டேன். அவள் அன்றோடு ரசம் வைப்பதை நிறுத்திவிட்டாள். நீ நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். வாயைத் திறக்கவில்லையே நீ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சு முட்டி நீ போனாய். நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். உன் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை இரண்டு பேருமே மறக்கவில்லை. உன் காரியத்தன்று அவள் அக்கா ரசம் வைத்தபோது எழுந்து வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் ரயிலில்தான் வேலைக்குப் போனேன். கார் சும்மா நின்றது. ஆறு மாதத்தில் முட்டி ஒத்துக்கொள்ளாமல் மறுபடியும் காரை எடுத்தேன். முதல் நாளே பிரிக்பீல்ட்ஸ் சிக்னலில் ஊசி ஏறிவிட்டது. பக்கத்துச் சந்தில் ஓர் ஒர்க்‌ஷாப். போர்மேன் நம் ஆள்தான், நாற்பது வயதிருக்கும். வழக்கம்போல நானே நோயையும் சொன்னேன்: “தண்ணி லீக், தம்பி. ஓஸ் மாத்தியாச்சு, மூடி மாத்தியாச்சு, ரேடியேட்டரே மாத்தியாச்சு.”

அவன் நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. “அங்கிள், சூடு ஏறுறது ஜாம்ல நிக்கிறப்பவா, ஓடுறப்பவா?” என்று கேட்டான்.

நான் யோசித்தேன். கார் ஓடும்போது ஒருநாளும் ஏறியதில்லை. இதற்கு முன் போன ஒர்க்‌ஷாப்பில் இதை யாரும் கேட்கவில்லை. கேட்க நான் இடம் கொடுத்தால்தானே? லீக் என்று நாமே சொல்லிக்கொண்டு போனோம், அவர்களும் லீக்கைத் தேடினார்கள்.

அவன் தொட்டியை நிரப்பி, மையால் கோடு போட்டான். “ஒரு வாரம் ஒண்ணும் ஊத்தாம ஓட்டுங்க. ஊசி ஏறினா ஓரங்கட்டி ஆற விடுங்க,” என்றான். ஒரு வாரம் கழித்துப் போனேன். தண்ணீர் கோட்டிலேயே இருந்தது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குப் பின்னால் கையைக் காட்டினான். சூடு ஏறினால் தானாகச் சுற்ற வேண்டிய காற்றாடி அசையவே இல்லை. பேட்டரியில் இருந்து நேராக ஒயரைக் கொடுத்துப் பார்த்தான். அப்போதும் அசையவில்லை.

“பேன் மோட்டார் செத்துப் போய் ரொம்ப நாளாச்சு அங்கிள். ஓடுனா காத்துலயே ஆறிரும், நின்னா ஏறும். தண்ணி குறையவே இல்ல. யாரு லீக்குன்னு சொன்னா?”

“என் கூட்டாளி. லோரி ஓட்டுனவன்.”

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்: “லோரி ஓட்டுனவருக்கு இது தெரியாம இருக்காதே.”

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தூக்கிய பானெட் கண்ணாடியை முழுவதும் மறைத்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் நீ பத்து நிமிடம் தனியாக இருந்திருக்கிறாய். காலையில் காரடியில் தனியாக நின்றிருக்கிறாய். மூடி இறுகவும் இல்லை, தண்ணீர் ஆவியாகவும் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. காற்றாடியை மாற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹீட்டர் வேண்டாம், அந்த வேர்வை வேண்டாம், அவ்வளவு தாகமும் இருந்திருக்காது. ஆனால் கார் சரியானால் பாட்டிலுக்கு வேலை இல்லையே. அதற்காக வாயை மூடிக்கொண்டாய், திருடா. உன் மனைவி என்னிடம் பேச்சு வாங்கியபோதும் மூடிக்கொண்டாய். அதை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதே நேரம், பானெட்டுக்குப் பின்னால் நீ அவசர அவசரமாகக் குடித்திருப்பாய் என்று நினைத்தால் அந்தக் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது. என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அதுவும் உனக்குத் தெரியும்.

உன்னைக் காட்டிக்கொடுப்பதா, அவளை அப்படியே விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். காற்றாடி, கோடு, பாட்டில். “ரசம் இல்ல தங்கச்சி. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் கண்டபடி பேசிட்டேன்,” என்றேன். உன்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் கேட்டது இதுதான். “அப்ப அவரு தாகத்தோட போகலதானே அண்ணே?”

“இல்லம்மா. தாகத்தோட போகல.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். புளி கரைக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கார் இப்போது சூடாவதில்லை. பத்து தீகா ஜாமில் எவ்வளவு நேரம் நின்றாலும் ஊசி நடுவிலேயே இருக்கிறது. இனி தண்ணீர் தேவையில்லை என்று போர்மேன் சொல்லிவிட்டான். இருந்தும் அந்த இரண்டு பாட்டில்களையும் கழுவி, நிரப்பி, நீ கால் வைத்திருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகிறது. ஒரு மடக்குகூடக் குறையவில்லை.