முத்தட்டும்

என் மகளின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கண்ணுக்கு எந்த ஒப்பரேசன் நல்லதென்று ஒப்பிட்டு, கட்டாரிலிருந்து நீங்கள் அனுப்பிய மூன்றாவது அட்டவணையும் கிடைத்தது. கண்ணுக்குள் நுண்குழாய் வைப்பதற்கு ஒரு நிறம், கண்ணின் நீர் வடிகாலைக் கீறித் திறப்பதற்கு இன்னொரு நிறம். ஏசி திருத்துகிறவர் அல்லவா, குழாய் என்றால் விடுவீர்களா?

சென்ற வருடம் டொக்டர் "இப்பவே செய்யலாம்" என்றபோது, "உம்மாட வெள்ளையையும் முத்தவிட்டுத்தானே வெட்டின. இதுவும் முத்தட்டும், அதுக்குள்ள எது நல்லதெண்டு பாத்துச் சொல்றன்" என்று போனில் தீர்ப்புச் சொன்னீர்கள். உங்கள் உம்மாவுக்கு இருந்தது கண்புரை. எனக்கு இருப்பது கிளோக்கோமா, கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையை ஓரத்திலிருந்து தின்னும் நோய். அந்த வித்தியாசம் உங்கள் அட்டவணையில் எங்கேயும் இல்லை.

நேற்று டொக்டரிடம் போனேன். "குழாயும் கீறலும் தொடக்கத்தில வாறவங்களுக்குத்தான். உங்களுக்கு இனிப் பெரிய ஒப்பரேசன்தான். போன பார்வை திரும்பாது" என்றார் டொக்டர். திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நடுவில் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. வாவிக்குக் கரையே இல்லை.

திங்கட்கிழமை ஒப்பரேசன். சம்மதக் கையெழுத்தை நானே வைத்துவிட்டேன். நீங்கள் அவசரப்பட வேண்டாம். உங்கள் ஒப்பீடு இன்னும் முத்தட்டும்.

உங்கள் மகளின் உம்மா