சுதனின் சைக்கிளுக்கு வந்த பொதி

என் செல்லத் தம்பி சுதன்,

நீ போய் ஐந்தாவது வாரம் உன் பெயருக்கு ஒரு பொதி வந்தது. பிரித்தேன். இரண்டு சிறிய பல்சக்கரங்களும் ஒரு ஸ்பிரிங்கும் கொண்ட கறுப்புச் சாமான்.

"உதென்ன பிள்ளை?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பி சைக்கிளுக்கு ஏதோ ஓடர் பண்ணியிருக்கிறான் அம்மா."

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு நிலவறைக்கு இறங்குவேன். உன் மலைச்சைக்கிளைப் பார்ப்பேன். மேலே வருவேன். திரும்பவும் இறங்குவேன். ஹாகன் நகரத்துக் காட்டில் நீ விழுந்த அன்று முறிந்தது, பின்சில்லில் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற அந்தக் கியர்ப் பகுதி. இன்னும் அப்படியே தொங்குகிறது; பொதியில் வந்தது அதற்கு மாற்று. விழுந்த அடுத்த மாதம்தானே உன் இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தா இதை ஓடர் பண்ணினாய்? திரும்ப ஓடுவேன் என்று நம்பினாயா?

கேட்பதற்கு ஒருத்திதான் இருந்தாள். உன் காத்ரின்.

"எங்களைப் பற்றி அம்மாட்டச் சொல்லு அக்கா" என்று இரண்டு வருடம் கேட்டாய். "பிறகு பாப்பம்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். செத்தவீட்டில் அவள் கடைசி வரிசையில் தனியே நின்று அழுதாள். யார் என்று அம்மா கேட்டபோது, உன்னோடு வேலை செய்கிற பிள்ளை என்றேன்.

உன் கைத்தொலைபேசியில் அவளுடைய இலக்கத்தைத் தேடி எடுத்தேன். அம்மா கோயிலுக்குப் போகும் சனிக்கிழமையாகப் பார்த்து வரச் சொன்னேன். அதிலும் ஒளிப்புத்தான்.

வந்தவள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. நிலவறையில் உன் சைக்கிளைக் கண்டதும், கொண்டு வந்த திருகாணித் திறப்பை என் கையில் தந்தாள். "நீங்களே செய்யுங்கள். நான் சொல்லித் தருகிறேன்."

அவள் சொல்லச் சொல்லச் செயினைப் பிரித்தேன், கேபிளைத் தளர்த்தினேன், முறிந்ததைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். அதற்குப் பிறகுதான் பாடு. இரண்டு சின்னத் திருகாணிகள். செயின் வெளிப்பக்கம் எவ்வளவு போகலாம் என்பதற்கு ஒன்று, உள்பக்கத்துக்கு மற்றது. அவள் சைக்கிளைத் தூக்கிப் பிடிக்க, நான் பெடலைச் சுற்றினேன். அவசரத்தில் உள்பக்கத்துத் திருகாணியை அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டேன் போல. செயின் பெரிய பல்லையும் தாண்டிச் சில்லுக் கம்பிகளுக்குள் விழுந்து இறுகியது.

காத்ரின் சிரித்துவிட்டாள். "அவனும் இப்படித்தான் பொறுமையில்லாமல் திருப்புவான்."

"செத்தவீட்டில் உங்களை முன்னுக்குக் கூப்பிடாதது என் பிழை" என்றேன்.

"ஆம், பிழைதான்" என்றாள், செயினை இழுத்தெடுத்தபடியே. "இப்போது கால் சுற்று இறுக்குங்கள்."

இறுக்கினேன். நீ ஏன் இதை ஓடர் பண்ணினாய் என்று அவளிடமே கேட்டேன். "வசந்தத்தில் ஓடுவோம் என்றான். நான் நம்பினேன். அவன் நம்பினானா, தெரியாது."

அந்த நேரம் பார்த்து அம்மா படியில் நின்றார். பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பியிருந்தார். பெடலை விட்டு எழுந்தேன்.

"அம்மா, இவ காத்ரின். தம்பியும் இவவும் கலியாணம் கட்ட இருந்தவை."

அம்மா படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். "எனக்கேன் சொல்லேல்லை? என்ர பிள்ளை இதை மனசுக்குள்ள வச்சுக்கொண்டே போயிட்டானே?"

பிறகு அம்மா தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் காத்ரினிடம் சாப்பிட்டியா என்று கேட்டார். அவள் எண்ணெய்க் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள்.

மூன்று பேரும் சாப்பிட்டோம். சைக்கிள் இப்போது காத்ரினிடம். ஒரு கியரில் இன்னும் சத்தம் வருகிறதாம். அம்மா அவளோடு பேசுகிறார், என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

தம்பி, இனி அம்மா உன்னைப் பற்றி எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். பிறகு என்று தள்ள மாட்டேன்.

நீ கேட்டபோது செய்யாத,
உன் அக்கா வதனி