வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஹீட்டர்

சனி, நவம்பர் 9

எந்த ஹீட்டர் பத்து வருடம் உழைக்கும்? தெரியவில்லை. நான் கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

காலையிலிருந்து மூட்டம். குளியலறைக் கூரைக்கு மேலிருக்கும் பழைய ஹீட்டர் டேங்க் ஒழுகுகிறது. தீபாவளியன்று சொட்டு, இன்று ஒழுக்கு. சுவரில் துருக்கறை. கீழே பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன்.

மாமனார் எஸ்டேட்டை விட்டு ரெம்பியாவில் இந்த வீட்டை வாங்கியபோதே இருந்த டேங்க். அவருக்கு அதில் பெருமை. வந்தவர்களுக்கெல்லாம் குழாயைத் திறந்து காட்டுவாராம். அவர் போய்விட்டார். டேங்க் இருக்கிறது.

இதுவரை வந்த யோசனைகள்:
குணா - இதே மாதிரி இன்னொரு டேங்க். "கழட்டுறது, மாட்டுறது. அரை நாள் வேலை. வெளியாளு எதுக்கு?" என் வீட்டுக்காரர், குருபோங் ஃபேக்டரியில் மெயிண்டனன்ஸ். இந்த வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் உரிமை அவருக்கு மட்டும்.
பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா - சோலார். "வெயிலு சும்மாதானே கெடக்கு." எங்கள் கூரை அந்தக் கனத்தைத் தாங்குமா என்று அவருக்குக் கவலை இல்லை.
நான் வேலை செய்யும் கிளினிக்கில் - இன்ஸ்டண்ட், டேங்க் இல்லாமல் உடனே சூடாகும் வகை. எல்லாரும் அதுதான்.
அத்தை - எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள்.

வெள்ளிக்கிழமை அத்தையின் எண்ணெய்க் குளியல். காய்ச்சல் வந்தாலும் தவறாது. அன்று மட்டும், குழாயில் கை வைக்கும்போது, "கையிலேர்ந்து தோளு வரைக்கும் ஆத்தா ஏறி எறங்குறா" என்பார். நாலு வருடமாக. நான் ஃபார்மசிஸ்ட். வயது எழுபத்தாறு, சர்க்கரை, ஆகவே நரம்பு. வைட்டமின் மாத்திரை கொடுத்தேன். மரியாதைக்குச் சாப்பிடுகிறார். ஆத்தா நிற்கவில்லை.

நேற்றும் குளித்து முடித்ததும் பாக்கியம் அக்கா வந்து அத்தை கையால் திருநீறு வாங்கிக்கொண்டு போனார். இப்படி வாங்கித்தான் தன் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது என்று வரிசை வீடுகளில் எல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். இப்போது இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். நான் தேநீர் போடுகிறேன். கருத்துச் சொல்வதில்லை. மாமனார் போன பிறகு ஒரு வருடம் அத்தை வாயே திறக்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை என்றால் நல்ல சேலை கட்டுகிறார். அதனால்தான் சொல்வதில்லை.

வாங்க: சீயக்காய், பல்பு, அத்தைக்கு மாத்திரை.

ஞாயிறு 10

வெயில். குணாவுடன் அலோர் காஜா. நானாவின் மின்சாமான் கடை; கடைக்காரரை ஊரே நானா என்றுதான் கூப்பிடும். வாசல்வரை மின்விசிறி, ரைஸ் குக்கர், பிளாஸ்டிக் நாற்காலி.

"தங்கச்சி, வீட்டுல தண்ணி பிரஷர் எப்படி?"
"பழைய வீடு, நானா. மெதுவாத்தான் வரும்."
"அப்ப இன்ஸ்டண்ட் வேணாம். பம்பு வெச்சது இருக்கு, ஆனா சத்தம் போடும். டேங்க்கே எடுங்க."
"எத்தன வருஷம் வரும்?"
"கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ள எத்தன வருஷம் வருவாருன்னு கேட்டீங்களா?"

குணா சிரித்தார். "கேட்டிருக்கலாம்" என்றேன். நானா இன்னும் பெரிதாகச் சிரித்தார். குணா நிறுத்திவிட்டார்.

பிறகு நானா போகிற போக்கில், "எர்த்தெல்லாம் சரியா இருக்கா, அண்ணே?"
"அதெல்லாம் ஓகே லா."

மிக வேகமாக வந்த பதில். குறித்துக்கொண்டேன்.

எதுவும் வாங்கவில்லை. மூன்று ஹீட்டர்களின் விளக்கப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினேன். காரில் குணா: "நீ ஹீட்டர் வாங்க வந்தியா, பரீட்சைக்குப் படிக்க வந்தியா?"

திங்கள் 11

கிளினிக்கில் கூட்டம். எல்லாம் இருமல்.

மதியம் புத்தகங்கள். மூன்று கம்பெனி, மூன்று விதப் பீற்றல். ஒரு பக்கம் மட்டும் மூன்றிலும் ஒன்று: வீட்டு எர்த்தைச் சோதித்த பிறகே மாட்டவும். மெயின் பெட்டியில், மின்சாரம் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச் இருக்கும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தவும். பத்தொன்பது வருடம் இந்த வீட்டில் இருக்கிறேன். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

நாலு மணிக்கு இடி, மின்னல். பாக்கியம் அக்கா வீட்டில் கரண்ட் போனது. "மறுபடியும் விழுந்துருச்சு" என்று அவர் வீட்டுக்காரர் கத்தியது கேட்டது. எங்கள் வீட்டில் போகவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு மின்னலுக்கும் போகும். எப்போது நின்றது?

செவ்வாய் 12

கை இன்னும் சரியாக இல்லை. எழுத்து கோணல்.

அரை நாள் விடுப்பு. குளியலறைத் தரையில் வெள்ளிக்கிழமையின் எண்ணெயும் சீயக்காயும் காய்ந்து பிசுக்காகக் கிடந்தன. சுடுதண்ணீர் ஊற்றினால்தான் போகும். ஹீட்டரைப் போட்டேன். தேய்க்கும்போது சிலிப்பர் வழுக்கியது, கழற்றி வெளியே வைத்தேன். எழுந்திருக்கக் குழாயைப் பிடித்தேன்.

விரலிலிருந்து தோள் வரைக்கும். ஏறி இறங்கியது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அத்தை சொல்வதுதான் சரியான சொல்.

சிலிப்பரைப் போட்டுக்கொண்டு புறங்கையால் தொட்டேன். ஒன்றுமில்லை. செய்திருக்கக் கூடாது. மூன்றாம் முறைக்குத் தைரியமில்லை.

குணாவின் இழுப்பறையிலிருந்து டெஸ்ட் பென். குழாயில் வைத்தால் விளக்கு எரிகிறது. ஹீட்டரை அணைத்தால் எரியவில்லை.

வழுக்கும் என்று நாங்கள் எல்லாரும் அங்கே சிலிப்பரோடுதான் குளிக்கிறோம். அத்தையும்தான். வெள்ளிக்கிழமை மட்டும் கழற்றிவிடுவார். எண்ணெயில் சிலிப்பர் நிற்காது. அதோடு, ஆத்தாவுக்கு உகந்த நாளில் காலில் செருப்பா?

ஆத்தாவும் இல்லை. நரம்பும் இல்லை. எத்தனை வெள்ளிக்கிழமை என்று கணக்குப் போடவில்லை.

மெயின் பெட்டியைத் திறந்தேன். பொத்தானை அழுத்தினேன். விழவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"என்னம்மா, மாலா, மொகம் வெளுத்துருக்கு?"
"ஒண்ணுமில்ல, அத்தை. சாப்பிடல."

ஹீட்டர் சுவிட்சை அணைத்து மேலே டேப் ஒட்டினேன்.

ஏழு மணிக்குச் சாப்பாடு. அத்தை முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குணாவிடம் கேட்டேன்.

"மெயின் பெட்டியில அந்த சுவிட்ச் ஏன் விழல?"
சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "அத எதுக்குத் தொட்ட?"
"ஏன் விழலன்னு கேட்டேன்."
"பைபாஸ் பண்ணி வெச்சிருக்கேன். எம்சிஓ டைம்ல, கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டப்ப. மின்னல் அடிச்சா விழுந்துகிட்டே இருந்துச்சு. கோலா சுங்கை பாருல வாங்குன மீனு அத்தனையும் நாறிப்போச்சே, மறந்துட்டியா?"
"மீனுக்காகவா?"
"எல்லா வீட்டுலயும் செய்யிறதுதான் லா."
"எர்த்து?"
"அப்பா காலத்திலேர்ந்து தண்ணி பைப்புல கட்டியிருக்கு."
"எந்தப் பைப்புல?"

பிசைந்த கை நின்றது. அதே எம்சிஓவில்தான், தண்ணீர் துருவாக வருகிறது என்று இரும்புக் குழாய்களை எல்லாம் பிடுங்கிப் பிளாஸ்டிக் போட்டார். தனியாக. நான்தான் டார்ச் பிடித்தேன்.

இன்றும் டார்ச். சமையலறைக்குப் பின்னால் போனோம். சுவரோரம் ஒரு சாண் இரும்புக் குழாய், அதில் பச்சைக் கம்பி பத்திரமாகக் கட்டியபடி. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக். எர்த் மண்ணுக்குப் போக வழியே இல்லை. குணா வெகுநேரம் வெளிச்சத்தை அதிலேயே வைத்திருந்தார். குழாயில் எனக்கு ஷாக் அடித்ததைச் சொன்னேன். அத்தையின் வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே புரிந்தது.

"புது டேங்க்கு மாட்டினா கசியாது."
"அதுவும் ஒருநாள் பழசாகும்ல?"
"சரி, நானே எர்த்து போட்டுடுறேன்."
"வேணாம். லைசென்ஸ் உள்ள ஆளு."
கோபப்படுவார் என்று பார்த்தேன். இல்லை. "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

யாரைக் காப்பாற்றச் சொல்கிறார்? அம்மாவையா, தன்னையா?

புதன் 13

மழை. இரண்டு வயர்மேன்கள் அடுத்த வாரம் என்றார்கள். மூன்றாமவர், சுரேஷ், நாளை காலை வருகிறார். குணா லீவு போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, காலண்டரில் பார்த்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பாக்கியம் அக்கா: "வெள்ளிக்கிழம உண்டுல்ல? எங் கொழுந்தியாளக் கூட்டிட்டு வர்றேன். அதுக்கு ஒடம்பு சரியில்ல, அத்தை கையால பூசுனா போதும்ங்குது."
"ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"
"போவும் போவும். மொதல்ல இங்க."

நான் வாயை மூடிக்கொண்டிருந்ததன் விளைவு இது.

ஐந்து மணிக்கு வேலையிலிருந்து வந்தால் டேப் தரையில். ஹீட்டர் சுவிட்சில் சிவப்பு விளக்கு. அத்தை முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கத் தண்ணீர் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். கையில் வாளி. காலில் ஒன்றுமில்லை.

கத்திவிட்டேன். வந்த நாள் முதல் அத்தையிடம் குரலை உயர்த்தியதில்லை. வாளி விழுந்தது. சுவிட்சை அணைத்தேன்.

"என்ன வெச்சிருக்க அதுக்குள்ள?"
"ஒழுகுது, அத்தை. கெட்டுப்போச்சு."
"அதுக்கா இப்படிக் கத்துன?"

பிறகு, என்னைப் பார்க்காமல், "தண்ணிய அடுப்புல காச்சிக் குடுத்தாக் குளிக்கலாந்தான். ஆனா அந்தக் கொழாகிட்டதானே அவ வர்றா."

குணா வந்ததும் ஹீட்டருக்குப் போகும் கம்பியையே துண்டித்தார்.

சொல்லாவிட்டால், நாளை மறுநாள் அத்தை குழாயைத் தொட்டுக்கொண்டு காத்திருப்பார். ஆத்தா கைவிட்டுவிட்டாள் என்று நினைப்பார். சொன்னால், நாலு வருடம் எல்லாருக்கும் திருநீறு கொடுத்தது ஒரு ஓட்டை டேங்க்கின் தயவில் என்று ஆகும். நான் நம்பாத ஒன்றை நான் ஏன் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்? அதுவும் தெரியவில்லை.

வியாழன் 14

சுரேஷ் ஒன்பதுக்கு வந்தார். பேச்சு குறைவு. சாக்கடையோரம் செப்புக் கம்பியைத் தரையில் அடித்து இறக்கினார். பெட்டியில் புது சுவிட்ச். குணா கூடவே நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்தார், யோசனை சொல்லவில்லை. எனக்குப் பழக்கமில்லாத காட்சி.

பழைய டேங்க்கைத் திறந்தார்கள். உள்ளே கம்பிச்சுருள் சுண்ணாம்பு பிடித்து வெடித்திருந்தது.

"இவ்வளவு நாளா யாருக்கும் ஷாக் அடிக்கலயா?" என்றார் சுரேஷ்.
"இல்ல" என்றார் குணா.
"இல்ல" என்றேன் நானும்.
அத்தை சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி ஒரு கணம் நின்றதுபோல இருந்தது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

புது ஹீட்டர்: டேங்க்தான், கொஞ்சம் சிறியது. கடைசியில் நானா காட்டிய மாப்பிள்ளையையே எடுத்தோம். எத்தனை வருடம் வருவார் என்று இப்போதும் தெரியாது. இவர் கெட்டுப்போனாலும் வீட்டில் யாரும் போகமாட்டார்கள். அவ்வளவுதான் எனக்கு உறுதி.

மாட்டி முடித்ததும் சுரேஷ் சோதனைப் பொத்தானை அழுத்தினார். வீடு முழுக்க அணைந்தது. ஃபேன் நின்றது. "கரண்டு போச்சா?" என்றார் அத்தை. குணா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

மதியத்துக்கு மேல் கிளினிக். திரும்பும்போது அம்மாவும் மகனும் முன்னறையில். டிவி ஓடவில்லை. என்னைக் கண்டதும் குணா எழுந்து காரைக் கழுவப் போனார். மழையில் நனைந்த காரை.

நாளை என்ன ஆகும்?

வெள்ளி 15

நடந்தது இது.

காலையில் டெஸ்ட் பென்னைக் குழாயில் வைத்தேன். எரியவில்லை. மறுபடி வைத்தேன். எரியவில்லை.

எட்டரைக்கு அத்தை எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார். சிலிப்பர் வாசலில். நான் கதவுக்கு வெளியே துணி மடிப்பதுபோல நின்றேன். குழாய் திறந்த சத்தம். பிறகு மூடிய சத்தம். பிறகு வெகுநேரம் எதுவுமில்லை. "அத்தை" என்று கூப்பிட்டேன். "உயிரோடதான் இருக்கேன்" என்றார்.

தலையில் துண்டுடன் வெளியே வந்தார். "தண்ணி நல்லாத்தான் இருக்கு." அதே நல்ல சேலை.

பத்து மணிக்குப் பாக்கியம் அக்கா, கொழுந்தியாளுடன். அந்தப் பெண்ணின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. அத்தை தட்டை எடுத்து வழக்கம்போல நெற்றியில் பூசினார். பூசிவிட்டு, "மொதல்ல டாக்டர பாருடி. எம் மருமவ கூட்டிட்டுப் போவா" என்றார். பாக்கியம் அக்கா முகம் சுருங்கியது. நான் ஒப்புக்கொண்டேன். திங்கட்கிழமை.

அவர்கள் போன பிறகு அத்தைக்குத் தேநீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்:

"குணா நேத்தே சொல்லிட்டான். அழுதான்."

எனக்குத் தெரியாது.

"நாலு வருஷமா அந்தக் கொழாயில கரண்டு இருந்துச்சாம்?"
"ஆமா, அத்தை."
"தொட்டா செத்துப்போவாங்களாம்?"
"போகலாம்."
"நான் வாரா வாரம் தொட்டேன்ல?"
"ஆமா."
"அப்ப நாலு வருஷமா என்னைச் சாவ விடாம யாரு பாத்துக்கிட்டா?"

மீதித் தேநீரைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

புது ஹீட்டரின் வாரண்டி கார்டில் இன்றைய தேதி போட்டேன்.