மூணு விரல் மார்ஜின்

என் பிரியமான கோமதி அக்காவுக்கு,

பெரியார் நிலையத்தில் நம்ம பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோர இடத்தில் வழக்கம்போல் என் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. நேற்று ஒரு அம்மா, "இங்க ஆள் வாராகளா?" என்று கேட்டார். யோசிக்காமல், "ஆமா, வாராக" என்று சொல்லிவிட்டேன். பாவம், காளவாசல் தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தார். அப்புறம்தான் எனக்குச் சுரணை வந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. கண்டக்டர் அண்ணே இன்னும் உங்கள் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்க்கிறார். நாகமலை மட்டும் எதுவும் தெரியாத மாதிரி கூடவே வருகிறது. வெயில் ஏறினால் வயல்வெளி எல்லாம் லேசாக அசைகிறது, தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மாதிரி. அந்த நேரத்தில் எதை வேண்டுமானாலும் நம்பலாம் போலிருக்கும்.

அக்கா, நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

படிக்கிறவர்களுக்காக நம் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். சமயநல்லூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நாம் இரண்டு பேரும் இங்கிலீஷ் டீச்சர்கள். நீங்கள் வாசிக்கக் கற்றுக்கொடுப்பீர்கள், நான் கட்டுரை எழுத. முதல் வருஷம் நம் பிள்ளைகள் நாற்பது பேரும் கைடிலிருந்து ஒரே அம்மாவைப் பற்றி எழுதினார்கள். எல்லா அம்மாவும் விடியலில் எழுந்தாள், எல்லா அம்மாவும் நிலவைப் போல இருந்தாள். நான் சிவப்புப் பேனாவால் விளாசித் தள்ளினேன். நீங்கள் ஒரு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டி சுலோ, இது நோட்டா, கசாப்புக் கடையா?" என்றீர்கள். ஒரு வாரம் நான் உங்களோடு பேசவில்லை.

எட்டாம் நாள் இதே பஸ்ஸில்தான் அந்த ஒப்பந்தம் ஆனது. பிள்ளைகள் நோட்டில் இடது பக்கம் மூணு விரல் அகலத்துக்கு மார்ஜின் விட வேண்டும். முதலில் நீங்கள் படிப்பீர்கள். தப்பு எதையும் தொடாமல், மார்ஜினில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதுவீர்கள். பிள்ளை அதற்குப் பதில் எழுதிய பிறகுதான் என் சிவப்புப் பேனா மூடி திறக்கும். இன்னொன்றும் சேர்த்துக்கொண்டீர்கள்: பிள்ளைகள் எழுதும்போது டீச்சர்களும் எழுத வேண்டும், நம் நோட்டும் அதே கட்டில் போக வேண்டும். "வீட்டுல சௌராஷ்டிரா, ஸ்டாப் ரூம்ல தமிழு, கிளாஸ்ல இங்கிலீஷு. மூணு பாஷையிலயும் வாயாடுற. பேப்பரக் கண்டா மட்டும் ஊமையாயிருற" என்று என்னைக் கிண்டல் செய்தீர்கள்.

முத்துலட்சுமி ஞாபகம் இருக்கிறதா? "என் அப்பா விவசாயி. அவர் மிகவும் மகிழ்ச்சியானவர்" என்று எழுதி முடித்துவிட்டாள். "கடைசியாக எப்போது சிரித்தார்?" என்று கேட்டீர்கள். அப்பா சேற்றில் வழுக்கி விழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தனியாகச் சிரித்ததை அந்தப் பிள்ளை அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். வரிக்கு வரி பிழை. என் பேனாவை வைத்துவிட்டு அழுதேன்.

இப்போது தப்பு.

அந்த வியாழக்கிழமை "தினமும் போகும் பயணம்" கட்டுரைக்கு நீங்கள் கேள்விகள் எழுதி, பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, மறுநாள் பதில் எழுதலாம் என்று வாங்கி வைத்தீர்கள். நான் பரீட்சை டூட்டியில் இருந்தேன், என் நோட்டைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை நீங்கள் பஸ்ஸுக்கு வரவில்லை. உங்கள் மகன்தான் போன் செய்தான். தூக்கத்திலேயே என்றான். உங்கள் திருநகர் வீட்டு வாசலில் அத்தனை செருப்பைப் பார்த்தும், உள்ளே டீ கேட்டு நீங்கள் சத்தம் போடுவீர்கள் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த புதன்கிழமை பள்ளியில் ஆய்வு. தலைமையாசிரியை கூப்பிட்டு, "நோட்டெல்லாம் திருத்தி இருக்கணும் டீச்சர். பென்சில் கிறுக்கலப் பாத்தா யாரும் திருத்தலைன்னு எழுதிட்டுப் போயிருவாங்க" என்றார். நான் ரப்பரை எடுத்தேன், அக்கா. ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து, நாற்பத்தொரு நோட்டிலும் உங்கள் கேள்விகளை ஒன்றுவிடாமல் அழித்துவிட்டுச் சிவப்பால் திருத்தினேன். ஒரு கேள்வியைக்கூடப் படிக்கவில்லை. கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எழுந்தபோது மடியெல்லாம் ரப்பர்த் தூள். வந்த அதிகாரி இரண்டு நோட்டைப் புரட்டி, "நல்லது" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் பிள்ளைகள் மார்ஜினைத்தான் முதலில் தேடினார்கள். ரபியாதான் கேட்டாள். "மிஸ், கோமதி மிஸ் கேட்டது எங்க?"

பொய் சொல்லத் தோன்றியது. வரவில்லை. "நான்தாம்மா அழிச்சிட்டேன்" என்றேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ரபியா கொஞ்ச நேரம் வெற்று மார்ஜினையே பார்த்தாள். பிறகு, "பரவால்ல மிஸ். எனக்கு ஞாபகம் இருக்கு" என்று பென்சிலை எடுத்தாள். அவள் எழுதுவதைப் பார்த்து அடுத்தவள். அப்புறம் மொத்த வகுப்பும். நோட்டுக்கு ஒரே கேள்விதானே, யாருக்கும் மறக்கவில்லை. இரண்டு பேர் உங்கள் எழுத்து மாதிரியே சாய்த்துக்கூட எழுதினார்கள். ஐந்தாம் பீரியட், மின்விசிறி சத்தம், பென்சில்கள் ஓடுகிற சத்தம். நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து போவதாக எனக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துப் பார்க்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாற்பது நோட்டுக்கும் கேள்வி திரும்ப வந்துவிட்டது. மிச்சம் ஒன்று, என்னுடையது. அதே பழுப்பு அட்டை. மற்றவற்றோடு சேர்த்து அதையும் அழித்திருக்கிறேன்.

பிள்ளைகள் விடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். பென்சிலைப் படுக்கப்போட்டு லேசாகத் தேய்த்தால் பள்ளம் வெள்ளையாகத் தெரியுமாம், அதையும் செய்தார்கள். உங்கள் கை அம்புட்டு லேசு, ஒன்றும் பதியவில்லை. கடைசியில் முத்துலட்சுமி, "மிஸ், ஒரு புள்ளி மட்டும் தெரியுது" என்றாள். கேள்விக்குறியின் அடியில் இருக்குமே, அந்தப் புள்ளி. அங்கே மட்டும் அழுத்தியிருக்கிறீர்கள்.

அது எந்த வரிக்குப் பக்கத்தில் என்று பார்த்தேன். நாகமலையைப் பற்றி ஒரு பக்கம், வயலைப் பற்றி ஒரு பக்கம், கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போடுவதைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு வரி: "என் பக்கத்தில் ஒரு தோழி உட்கார்ந்து வருவார்." அவ்வளவுதான். பதினோரு வருஷம் கூட வந்த உங்களுக்கு ஒரே வரி. புள்ளி அதற்குப் பக்கத்தில் இருந்தது.

என்ன கேட்டீங்க, அக்கா? யார் அந்தத் தோழி என்றா? அவளுக்குப் பேர் கிடையாதா என்றா? இல்லை, வேறு ஏதாவதா? ஸ்டாப் ரூமில் அழிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் கண்ணைத் திறந்து படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது பென்சில் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஒருத்தி நோட்டை இன்னொருத்தி படித்துக் கேள்வி எழுதுகிறாள். ரபியா உங்களைவிடப் பொல்லாதவள், ஒரே கேள்வியில் ஆளை உட்காரவைத்துவிடுகிறாள். அடுத்த ஆய்வு வந்தால் பென்சில் பென்சிலாகவே இருக்கும் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். ரப்பரை வீட்டிலேயே போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அந்த நோட்டில், அந்தக் கட்டுரைக்கு அடுத்த பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன். கேள்வி தெரியாததால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தோழியின் பேர் கோமதி. இன்னும் நிறைய இருக்கிறது, மாதாமாதம் எழுதுவேன். எல்லாப் பக்கத்திலும் இடது புறம் மூணு விரல் இடம் விட்டிருப்பேன். அதை யாரும் தொடமாட்டார்கள், நான் உட்பட.

பஸ் கிளம்பிவிட்டது. பையை மடிக்கு எடுத்துக்கொண்டேன். வாரேன் அக்கா.

ஜன்னலோரம் உங்களுக்கு இடம் பிடித்தே பழகிய,
கூடப் பிறக்காத தங்கச்சி
சுலோ